துண்டு விழுவது யார் தோளிலிருந்து?

பட்ஜெட்டில் வரவுக்கும் செலவுக்கும் நடுவில் பள்ளம் விழுந்தால் தமிழில் அதற்குத் ‘துண்டு விழுகிறது’ என்று பெயர். நம்ம ஜனங்களுக்குத் துண்டு விழுவது வேறு மாதிரியும் தெரியும். ஊர்த் தெருவில் நடக்கும்போது தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டு என்று அதட்டப்பட்டவர்கள் நாம். அதனால், கோட்டையில் அமைச்சர் எழுந்து துண்டு விழுகிறது என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: யார் தோளிலிருந்து?

இதை எழுதக் காரணம் உண்டு. நம் தோழர்கள் பலர் பட்ஜெட் நாளன்று செய்தித்தாளைப் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள். “அது எக்கனாமிக்ஸ் படிச்சவன் சமாச்சாரம், நமக்கு வன்கொடுமை வழக்கு இருக்கு, நில மீட்பு இருக்கு” என்கிறார்கள். குடிசை எரிந்தால் ஓடுகிறோம். ஓட வேண்டியதுதான். ஆனால் கோட்டைக்குள் குரல் உயராமல், குரல் வாக்கெடுப்பில், ஒரு வரியில் நம் பிள்ளைகளின் படிப்பை எரிக்கிறார்களே, அதற்கு எங்கே ஓடுவது?

2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வைத்தார். 2020-21இல் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய் என்றது அது. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் இருக்கிறது என்றும் சொன்னது. எல்லாப் பத்திரிகையும் அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டது. ஒவ்வொரு குடும்பமாம்! இருநூறு ஏக்கர் பண்ணைக்காரன் குடும்பமும், பட்டா இல்லாத புறம்போக்குக் குடிசையும் அந்தக் கணக்கில் ஒன்று. குடிக்கிற குவளையில், குளிக்கிற படித்துறையில், சுடுகாட்டில் தராத சமத்துவத்தைக் கடன் கணக்கில் மட்டும் தந்துவிடுகிறார்கள். வாங்கிய கடனில் போட்ட ரோடு யார் வீட்டு வாசல் வரைக்கும் போய் நின்றது என்று எந்த வெள்ளை அறிக்கையிலும் இருக்காது.

அதற்கு இருபது வருஷம் முன்னால், 2001இல், அப்போதைய நிதியமைச்சர் பொன்னையனும் ஒரு வெள்ளை அறிக்கை வைத்தார். கட்சி வேறு, கொடி வேறு. செய்தி ஒன்று: போன ஆட்சி கஜானாவைக் காலி பண்ணிவிட்டுப் போயிடுச்சு. எதிர்வரிசையில் இருக்கிறவரை மாநிலம் திவாலாகிவிட்டது என்பார்கள். ஆளும் வரிசைக்கு வந்தால் கடன் வாங்குவது வளர்ச்சிக்காக என்பார்கள். இந்த லாவணியை நான் பல வருஷமாகக் கேட்கிறேன். சுவாரசியம் போய்விட்டது. அறிக்கை வைத்த பிறகு சட்டமன்றம் என்ன செய்தது என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

பற்றாக்குறையே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. கடன் வாங்கிப் பள்ளிக்கூடம் கட்டினால் வாங்கட்டும். சேரிக்குத் தண்ணீர்க் குழாய் வர ஒரு தலைமுறை வட்டி கட்டினாலும் தகும். கடனை மாநில உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் நிறுத்து என்று கோடு கிழிக்கும் நிதிப் பொறுப்புச் சட்டத்தை 2003இல் இதே சட்டமன்றம்தான் நிறைவேற்றியது. கோடு இருக்கட்டும். கோட்டைத் தாண்டுகிறோம் என்று தெரிந்தவுடன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முதலில் எங்கே போகிறார்கள்? கத்தாதவன் இருக்கிற பக்கம்தான்.

2001 நவம்பரில் ஓர் அரசாணை வந்தது. எண் 212. அரசுப் பணியிடங்களை நிரப்பத் தடை. 2006 தொடக்கம் வரை அது நீடித்தது. செலவைக் குறைக்கிறோம் என்றார்கள். சாதியின் பெயர் அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. எல்லோருக்கும் பொதுவான தடைதானே என்று நம் ஆட்களே சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், பழங்குடிக்கு 1 சதவீதம் இட ஒதுக்கீடு. எதில்? நிரப்பப்படுகிற வேலையில். நிரப்பாத நாற்காலியில் ஒதுக்கீடு கிடையாது. நிலம் இருக்கிறவன் பிள்ளைக்கு வேலை தள்ளிப்போனால் நிலம் இருக்கிறது, அப்பன் கடை இருக்கிறது, மாமன் காண்டிராக்ட் இருக்கிறது. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய நம்ம பையனுக்கு அந்த அரசு வேலை ஒன்றுதான் ஊரைவிட்டு வெளியே போகிற ஒற்றைக் கதவு. நாலு வருஷத்துக்கு மேல் அதைச் சாத்தி வைத்தார்கள். அந்த வருஷங்களில் வயது வரம்பைத் தாண்டியவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? பற்றாக்குறையை ஒழித்த சாதனையில் அவர்கள் பெயர் வராது. 2020 மே மாதம் கொரோனாவைக் காட்டிச் சிக்கன அரசாணை வந்தபோதும் பணியிடங்கள்மேல் கை வைத்தார்கள். வழி தெரிந்த கத்தரி.

2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறக்குறைய 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கியது. முந்தைய ஆண்டே எஸ்மா சட்டம் தயாராக இருந்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றது. அந்தச் சங்கங்கள் சேரியைப் பற்றி வாய் திறந்தவை அல்ல, பின்னடைவுக் காலியிடங்களுக்காக அவை என்றைக்குத் தெருவுக்கு வந்தன, நாம் ஏன் அழ வேண்டும் என்று அப்போது நம்மிடையே ஒரு வாதம் ஓடியது. கோபம் நியாயம். ஆனால் நீக்கப்பட்டவர்களில் பியூன்களும் வாட்ச்மேன்களும் துப்புரவுப் பணியாளர்களும் நம்மவர்கள். 2003 ஏப்ரல் முதல் நாளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று ஆனதே, அதுவும் நம்ம வீட்டில்தான் அதிகமாக வலித்தது. நம்மில் முதல் ஆள் கோட்டைக் கதவைத் தொட்டபோது உள்ளே இருந்த ஓய்வூதியத்தை எடுத்து ஒளித்துவிட்டார்கள்.

அதே 2003 நவம்பரில் இன்னொரு காரியமும் நடந்தது. சாராயச் சில்லறைக் கடைகளை டாஸ்மாக் வழியாக அரசே எடுத்துக்கொண்டது. பற்றாக்குறைக்குக் கண்டுபிடித்த மருந்துகளிலேயே பெரிய மருந்து இதுதான். 2024-25இல் மதுவிலிருந்து அரசுக்கு வந்த வரி 48,344 கோடி ரூபாய். 2025-26 பட்ஜெட் போட்டபோது வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடியாக இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அதாவது நம்ம ஆட்கள் குடிப்பதை நிறுத்தினால் பள்ளம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும்! நடவு முடிந்து, கல் உடைத்து, சித்தாள் வேலை பார்த்து வாங்கிய கூலி, சாயங்காலம் கடை வழியாகக் கஜானாவுக்குத் திரும்பிப் போகிறது. வரி கட்டாதவன், இலவசத்தில் வாழ்கிறவன் என்று சேரிக்காரனைத் திட்டுகிற நடுத்தர வர்க்கத்து அண்ணன்மார் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும்.

இந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அம்பேத்கர். அவரைச் சட்ட மேதை என்று சிலையாக்கி, கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, விரலை நீட்டவைத்து நிறுத்திவிட்டார்கள். அவர் அடிப்படையில் பொதுநிதி படித்த ஆள். மாகாண அரசுகளின் நிதி எப்படி வளர்ந்தது என்பதுதான் 1925இல் வெளிவந்த அவருடைய ஆய்வு நூல். 1927இல் பம்பாய் சட்ட மேலவைக்குள் நியமன உறுப்பினராக நுழைந்ததும் அவர் பட்ஜெட்டைத்தான் பிடித்தார். விவசாயி எவ்வளவு ஏழையாக இருந்தாலும் நிலவரி கட்டியாக வேண்டும், வருமான வரிக்காரனுக்கு மட்டும் வருமானம் இல்லாவிட்டால் விலக்கு, இது என்ன நியாயம் என்று கேட்டார். மார்ச் மாதம் கல்வி மானியத்தின்மேல் பேசியபோது இன்னொரு கணக்கை வைத்தார். கல்விக்குத் தலைக்கு 14 அணா செலவழிக்கிறீர்கள், கள் சாராயத்தில் தலைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் வாங்குகிறீர்கள். குடியில் மக்களிடம் எடுக்கிற அளவுக்காவது அவர்கள் படிப்புக்குத் திருப்பிக் கொடுங்கள் என்பது அவர் வாதம்.

அந்தத் தராசை இங்கே தூக்கிப் பார்த்தேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. 2024-25 மது வருவாயை அதால் வகுத்தால், கைக்குழந்தை உட்படத் தலைக்கு ஏறக்குறைய 6,700 ரூபாய். அதே ஆண்டு பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 44,042 கோடி, தலைக்கு 6,100. உயர்கல்விக்கான 8,212 கோடியையும் சேர்த்தால் தராசு கொஞ்சம் படிப்புப் பக்கம் சாய்கிறது, மறைக்கவில்லை. பம்பாய் மாகாணத்தைவிட நாம் ரொம்ப மேலே வந்திருக்கிறோம். ஆனாலும் பள்ளிக்கூடத்தை மட்டும் எடுத்தால், வெள்ளைக்காரன் காலத்துப் பரீட்சையில் சமூக நீதி மாநிலம் இன்னும் பாஸ் மார்க் வாங்கவில்லை. மதுவிலக்கு வேண்டும் என்று நான் இந்த இடத்தில் கொடி பிடிக்கவில்லை. கள்ளச்சாராயம் யாரைக் கொல்கிறது என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி காட்டியது. எடுக்கிற இடமும் கொடுக்கிற இடமும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

காசு இல்லை என்ற வாதத்துக்கு இங்கே பழைய வரலாறும் உண்டு. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். போன வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி போட்டார். உப்பு புளி வாங்குகிறவன்வரை வரி என்ற பாதை அங்கே திறந்தது. 1952இல் மறுபடி வந்து, 1953இல் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றார். குலக்கல்வியை வருணாசிரமம் என்று சரியாகவே எதிர்த்தோம். ஆனால் அதற்கு அவர்கள் சொன்ன நியாயங்களில் ஒன்று நிதி: அதே வாத்தியார், அதே கட்டடம், இரண்டு ஷிப்ட், கூடுதல் செலவில்லாமல் இரண்டு மடங்கு பிள்ளைகள். சிக்கனம் என்ற பெயரில் மனுதர்மம் சட்டமன்றத்துக்குள் வர முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 1954இல் காமராசர் அதைத் தூக்கி எறிந்தார். எறிந்ததற்கும் காசு வேண்டியிருந்தது. அதைத் தேடிக் கொண்டுவந்தார்கள். மனம் இருந்தால் துண்டு விழுந்த பட்ஜெட்டிலும் வழி பிறக்கும்.

மனம் எங்கே இருக்கிறது என்பதற்கு 2017ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் எம்.எல்.ஏ.க்களின் மாதச் சம்பளத்தை 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக உயர்த்துவதாக முதல்வர் பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். டெல்லியில் தமிழக விவசாயிகள் அரை நிர்வாணமாக உட்கார்ந்து போராடிய வருஷம் அது. பின்னால் மசோதா வந்தபோது எதிர்க்கட்சி எதிர்த்தது. சம்பளம் ஏறிவிட்டது. அடுத்த மாதம், ஆகஸ்டில், ஓர் அரசாணை. சுயநிதிக் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்கிற பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இனிமேல் கல்விக் கட்டணம் கிடையாது. 2012இல் ஜெயலலிதா ஆட்சியில் வந்த 92ஆம் எண் அரசாணைதான் சுயநிதிக் கல்லூரிக் கதவை நம் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் திறந்தது. ஐந்தே வருஷத்தில் அதில் பாதிக் கதவைச் சாத்தினார்கள். டெல்லியும் சும்மா இருக்கவில்லை. ஐந்தாண்டுத் திட்டம் முடியும் வருஷத்தில் உதவித்தொகைக்கு என்ன செலவோ அது இனி மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு மேல் போனால்தான் நாங்கள் தருவோம் என்ற விதியால் 2017க்குப் பிறகு பாரம் முழுக்க மாநிலத்தின் தலையில் ஏறியது. 2020 டிசம்பரில்தான் 60க்கு 40 என்று மாற்றினார்கள். டெல்லி சென்னைமேல் தள்ள, சென்னை மாணவன்மேல் தள்ள, அவன் யார்மேல் தள்ளுவான்?

எனக்கு இந்தத் தள்ளு தெரியும். நான் படித்த காலத்தில் உதவித்தொகை வரவில்லை என்று கல்லூரி ஆபீசில் மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். “ஒங்க கவர்மென்ட் குடுத்தா நாங்க குடுக்குறோம்” என்றார் கிளார்க். ஒங்க கவர்மென்ட்! அம்மா காதில் கிடந்ததைக் கழற்றிக் கட்டித்தான் வாங்கினேன். பணம் வந்தது, படிப்பு முடிந்து ஒன்றரை வருஷம் கழித்து. மார்ச் மாதக் கடைசியில் செலவாகாமல் திரும்பிப் போகிற கோடிகளைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அந்தக் காதுதான் ஞாபகம் வரும்.

விடுதியில் இருக்கிற தோழர்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். 2023இல் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் உணவுப்படியை உயர்த்தினார்கள். பள்ளி மாணவனுக்கு மாதம் 1,000 என்பது 1,400 ஆயிற்று, கல்லூரி மாணவனுக்கு 1,100 என்பது 1,500. உயர்த்தியதை மறுக்கவில்லை. நாளுக்கு எவ்வளவு? பள்ளிப் பையனுக்கு 46 ரூபாய் சொச்சம். மூணு வேளைக்கு. 2017 கணக்குப்படி ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சம்பளம் நாளுக்கு 3,500. அதே அவையில்தான் இரண்டும் முடிவாகிறது.

உட்கூறுத் திட்டம் என்று ஒன்று 1979-80இல் வந்தது. மக்கள்தொகையில் நாம் எத்தனை பங்கோ, திட்டச் செலவிலும் அத்தனை பங்கு நமக்கென்று தனியாக வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி நாம் 20 சதவீதம். காகிதத்தில் வைக்கவும் செய்கிறார்கள். எப்படி? ஊருக்குப் போகிற ரோட்டில் சேரிக்காரனும் நடப்பான் அல்லவா, அதில் ஒரு பங்கு. பொதுத் திட்டத்தில் அவனும் பயன் பெறுவான் அல்லவா, அதில் ஒரு பங்கு. இப்படி வெட்டி ஒட்டினால் தொகை வந்துவிடும், சேரிக்கு ஒரு செங்கல் வராது. இது இங்கே மட்டும் நடக்கிற வித்தை இல்லை. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக டெல்லி அரசு இந்த நிதியிலிருந்து 678 கோடிக்குமேல் திருப்பிவிட்டதை உள்துறை அமைச்சராக இருந்த சிதம்பரமே மாநிலங்களவையில் ஒத்துக்கொண்டார். கர்நாடகம் 2013இல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டது. 2023இல் உத்தரவாதத் திட்டங்களுக்குப் பணம் போதவில்லை என்றதும் அந்த நிதியிலிருந்து 11,000 கோடி எடுத்தார்கள். 2024-25இல் 39,121 கோடியில் 14,000 கோடிக்கு மேல். பயன் பெறுகிறவர்களில் தலித் பெண்களும் இருக்கிறார்கள் என்பது அவர்கள் பதில். இருக்கிறார்கள்தான். அந்தப் பெண்களுக்குக் குடிமக்கள் என்ற முறையில் பொதுநிதியிலிருந்து கிடைக்க வேண்டியதை, தலித்துக்கென்று வைத்த பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் பெட்டியில் என்ன மிஞ்சும்?

தமிழ்நாடும் 2024இல் இந்த நிதிக்குத் தனிச் சட்டம் நிறைவேற்றியது. பல வருஷம் கேட்டு வாங்கியது. வரவேற்கிறேன். சட்டம் இருந்தும் பெட்டி உடைந்த கதையைப் பக்கத்து மாநிலத்தில் பார்த்துவிட்டதால் கைதட்டலைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கிறேன்.

இலவசம் பற்றியும் ஒரு வார்த்தை. துண்டு விழும்போதெல்லாம் சில பத்திரிகைகள் இலவசத்தால்தான் கெட்டது என்று ஒப்பாரி வைக்கும். 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றார்களே, அதில் போகிறவள் வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிற நம்ம அக்கா. அவளுக்கு மிச்சமாகிற சில்லறை அவர்களுக்குக் கண்ணை உறுத்துகிறது. பம்புசெட்டுக்குப் போகிற இலவச மின்சாரத்தை அவர்கள் அந்தக் குரலில் பேசுவதில்லை. நிறுத்து என்று நானும் சொல்ல மாட்டேன், சிறு விவசாயி செத்துவிடுவான். ஆனால் கிணறும் நிலமும் இருக்கிறவனுக்குப் போனால் மானியம், இல்லாதவளுக்குப் போனால் இலவசம் என்று பெயர் வைத்தது யார்?

இதையெல்லாம் உள்ளே கேட்க நமக்கு ஆள் இல்லையா? இருக்கிறார்கள். 234 பேரில் 44 தனித்தொகுதி, பழங்குடிக்கு 2. 46 பேர் ஒரே குரலில் எழுந்தால் எந்த நிதியமைச்சருக்கும் வியர்க்கும். எழ மாட்டார்கள். 1932இல் பூனாவில் இரட்டை வாக்குரிமையைப் பறிகொடுத்த அன்றைக்கே இது தீர்மானமாகிவிட்டது. ஊர்க்காரன் ஓட்டும் கட்சி சீட்டும் இல்லாமல் ஜெயிக்க முடியாதவர், கொறடா உத்தரவை மீறி நம் மானியத்துக்காக எப்படிப் பேசுவார்? ஆதிதிராவிடர் நலத்துறை கோரிக்கை எண் 4. அது விவாதத்துக்கு வருகிற நாளில் அவர்கள் பேச்சைப் படித்துப் பாருங்கள். தலைவருக்கு நன்றி, தொகுதிக்கு ஒரு பாலம், மறுபடி தலைவருக்கு நன்றி. வெட்டுத் தீர்மானம் என்ற ஆயுதம் சும்மா கிடக்கிறது. தனி மனிதர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை என்று எனக்குத் தெரியும்; ஆனாலும் கோபம் வருகிறது.

டெல்லிக்காரன் பிடுங்குகிறான் என்பது அவர்களுக்கு எப்போதும் கைகொடுக்கும் பதில். அது பொய் இல்லை. 15ஆம் நிதிக்குழு, 2021-26க்கு, மத்திய வரியில் மாநிலங்களுக்குப் பிரித்த தொகையில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம்தான் தந்தது. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25இல் பள்ளிகளுக்கான 2,152 கோடியை நிறுத்தி வைத்தார்கள். மாநில உரிமைக்காக நாமும் தெருவில் நிற்போம். ஆனால் டெல்லியிடம் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு கேட்கிற வாய், சேரிக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு தரும்போது மட்டும் ஏன் ‘நிதி நிலைமையைப் பொறுத்து’ என்று இழுக்கிறது?

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. பட்ஜெட்டில் மூன்று எண்கள் இருக்கும்: ஆரம்பத்தில் ஒதுக்கியது, நடுவில் திருத்தியது, கடைசியில் செலவழித்தது. ஏமாற்று நடப்பது முதல் எண்ணில் அல்ல, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். பெரிய எண்ணை அறிவிக்கும்போது கைதட்டல்; வெட்டும்போது சத்தமே இருக்காது. கோரிக்கை எண் 4க்கு இந்த மூன்று எண்களையும் கடந்த ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்து எழுதுங்கள். உங்கள் மாவட்டத்தில் எத்தனை விடுதி, எத்தனை காப்பாளர் பணியிடம் காலி, எத்தனை பேருக்கு உதவித்தொகை பாக்கி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். பதில் வந்தால் பத்திரிகைக்கு அனுப்புங்கள், தொகுதிவாரியாகப் போடுகிறோம். பதில் வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவின் நகலை அனுப்புங்கள், அதையும் போடுகிறோம். அடுத்த மானியக் கோரிக்கைக்கு முன்னால் அந்த 46 பேரின் வீட்டுக் கதவையும் தட்டி, ஆளுக்கு ஒரு பிரதியைக் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.